ஆப்த வாக்கியமும் ஆடிப் பட்டமும்

தத்துவ சாஸ்திரத்தில் நெடுங்காலமாக நடந்துவந்த வாதங்களுள் வயல் வரப்புக்கு மிகவும் தூரமானது எது என்று கேட்டால், பிரமாணங்களைப் பற்றிய வாதம்தான் என்று எவரும் தயங்காமல் சொல்லிவிடுவர். கண்ணால் கண்டது ஒன்றே அறிவா, கண்டதைக் கொண்டு காணாததை அனுமானிப்பதும் அறிவாகுமா, தானும் காணாமல், அனுமானிக்கவும் வகையில்லாமல், பிறர் சொல்லக் கேட்டு ஒப்புக்கொள்வதையும் அறிவென்று அழைக்கலாமா என்று நையாயிகரும் பௌத்தரும் மீமாம்சகரும் சார்வாகரும் நூற்றாண்டுக் கணக்கில் தர்க்கித்து எழுதிக் குவித்த கிரந்தங்களுக்கும், ஆனி மாதக் கடைசியில் எந்த விதையை வாங்குவது என்று திண்ணையில் உட்கார்ந்து யோசிக்கும் குடியானவனுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதே பொதுவான எண்ணம். எனக்கோ, அந்த வாதத்தின் முழுப் பாரமும் இன்று இறங்கியிருப்பது அவன் தலையில்தான் என்று தோன்றுகிறது. வேளாண்மை அலுவலர் ஒரு ரகத்தைச் சிபாரிசு செய்கிறார். உரக்கடைக்காரர் வேறொன்றை எடுத்துக் காட்டி, கூடவே ஒரு புட்டியையும் நீட்டுகிறார். இயற்கை விவசாயத்தில் இறங்கிவிட்ட பங்காளி அந்தப் புட்டியைத் தொடுவதே பாவம் என்கிறார். பாட்டன் சொல்லிவிட்டுப் போன பழமொழி ஒன்று காதில் ஒலிக்கிறது. பேரன் கைபேசியில் காட்டும் காணொளியில் ஒருவர் மோரையும் தேங்காய்ப் பாலையும் புளிக்க வைத்துத் தெளித்து, பூத்துக் குலுங்கும் செடியின் பக்கத்தில் நிற்கிறார். இத்தனை பேர் சொல்வதும் சப்தமே, அதாவது பிறர் வாய்ச்சொல்லே. இவர்களுள் ஆப்தன், அதாவது நம்பத்தக்கவன், யார் என்று தீர்மானிக்க அவனுக்குக் கிடைக்கும் அவகாசம் சில நாள். தீர்மானம் பிசகினால் போவது ஒரு வருஷத்துச் சாப்பாடு.

சார்வாகனைப் பின்பற்றி, நானே கண்டாலொழிய நம்பேன் என்று ஒருவன் விரதம் பூணலாம். அந்த விரதத்தோடு விவசாயம் செய்ய முடியாது. இருபது வயதில் ஏர் பிடிக்கத் தொடங்கி அறுபது வயதில் பொறுப்பை மகனிடம் ஒப்படைப்பவனுக்கு ஆயுளில் வாய்ப்பவை நாற்பது பட்டங்களே. அவற்றுள்ளும் சில மழை பொய்த்துப் போகும், சில வெள்ளத்தில் போகும். எல்லா ரகங்களையும் எல்லா உரங்களையும் எல்லா இடைவெளிகளையும் தானே பரீட்சித்துப் பார்ப்பதென்றால் பத்து ஜன்மங்கள் எடுத்தாலும் போதா. நெட்டை ரகத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு வருஷமாகும். நாற்றங்காலில் அந்தக் கன்றை எடுத்துக் கொடுத்தவன் தாய்மரத்தைப் பற்றிச் சொன்னது மெய்யா பொய்யா என்பது பேத்திக்கு மொட்டையடித்துக் காது குத்துகிற காலத்தில்தான் தெரியவரும். ஆகவே பிறர் வாக்கை நம்புவது விவசாயியின் பலவீனம் என்று எண்ணுவது பிழை. நம்பாமல் நடக்கும் தொழிலே அன்று அது. கேள்வி, எதைக் கொண்டு நம்புவது என்பதே.

இந்தக் கேள்விக்கு நியாய சாஸ்திரம் கொடுக்கும் விடை, நம் பண்டிதர்கள் அதைப் பெரும்பாலும் வேதப் பிராமாண்யத்தை நிலைநாட்டும் பொருட்டே எடுத்தாண்டார்களாயினும், உண்மையில் மிகவும் லௌகிகமான விடை. ஆப்தனுடைய உபதேசமே சப்தம் என்று கௌதமர் சூத்திரம் செய்தார். அதற்குப் பாஷ்யம் எழுதிய வாத்ஸ்யாயனர், ஆப்தன் என்பவன் பொருளை நேரே கண்டவன், கண்டதைக் கண்டபடி பிறருக்குத் தெரிவிக்க வேண்டும் என்னும் விருப்பத்தால் பேசுகிறவன் என்று சொல்லி, இந்த லக்ஷணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்தார். குலமும் ஆசாரமும் அறிவுக்கு வேலியாக நின்ற காலத்தில் அப்படி ஒரு வாக்கியம் எழுதுவதற்கு எத்தனை மனத்துணிவு வேண்டும்! பிறிதோரிடத்தில், ஆப்தர்களின் வாக்கு ஏன் பிரமாணமாகிறது என்று விசாரிக்கையில், நேரே காண்டல், உள்ளதை உள்ளபடி சொல்லும் விருப்பம் என்ற இரண்டோடு பூததயை, அதாவது உயிர்களிடத்தில் இரக்கம், என்பதையும் வைத்து மூன்றாக எண்ணினார். அந்த இடத்தில் அவர் காட்டும் திருஷ்டாந்தமும் கவனிக்கத் தக்கது: ஆயுர்வேதம். மருத்துவ நூல் சொன்னபடி செய்தால் நோய் தீர்கிறது. ஆதலால் அதைச் சொன்னவர்கள் ஆப்தர்கள். அறிவின் உரைகல் அதனால் விளையும் காரியம் பலிப்பதே என்பது அவருடைய பாஷ்யத்தின் முதல் வாக்கியத்திலேயே அமைந்த சித்தாந்தம். பயிர் நூலுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணத்தை யாரும் வகுத்ததாக நான் அறியேன்.

ரிஷிக்கும் மிலேச்சனுக்கும் பொது என்ற வாக்கியத்துக்கு நம் தேசத்து விவசாய சரித்திரமே உதாரணம் தருகிறது. இங்கிலாந்தின் அரச விவசாயச் சங்கத்தில் ரசாயன ஆலோசகராக இருந்த ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்பவரை, இந்திய விவசாயத்தைச் சீர்திருத்த வழி சொல்லும்படி 1889-ஆம் வருஷம் இங்கே அனுப்பினார்கள். ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்துவிட்டு 1893-இல் அவர் வெளியிட்ட அறிக்கையில், இந்தியக் குடியானவன் ஆங்கிலேய விவசாயிக்குத் தாழ்ந்தவன் அல்லன், சில விஷயங்களில் மேம்பட்டவனே என்றும், அவனிடம் குறைவது அறிவன்று, நீரும் எருவுமே என்றும், விறகில்லாத குறையால் சாணத்தை எரிக்கிறானேயன்றி அதன் அருமை தெரியாமல் அன்று என்றும் எழுதினார். கற்பிக்க வந்தவர் கண்டதைக் கண்டபடி சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் பின் வந்த ஆல்பர்ட் ஹோவர்ட் இன்னும் சுவாரசியமானவர். இவர் மேற்கிந்தியத் தீவுகளில் பயிர்நோய் ஆராய்ச்சியாளராக வேலை பார்த்தபோதே, நான் சொல்லும் சிகிச்சையைச் செய்து பார்க்க எனக்கென்று ஒரு பயிர் இல்லையே, என் யோசனையை நானே கைக்கொள்ளாமல் பிறருக்கு எப்படிக் கொடுப்பது என்ற சங்கடம் அவர் மனத்தை அரித்தது. 1905-இல் பீகாரில் உள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்ததும் சுமார் 75 ஏக்கர் நிலத்தைப் பெற்றுத் தாமே பயிர் செய்தார். சுற்றுப்புறத்துக் குடியானவர்களையும், பயிரைத் தின்ன வந்த பூச்சிகளையும் தம் ஆசிரியர்கள் என்றே சொல்லிக்கொண்டார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து அவர் வகுத்த மக்கு எரு முறை, அதாவது செத்தையும் சாணமும் கோமியம் ஊறிய மண்ணும் சாம்பலும் அடுக்கி, காற்றும் ஈரமும் அளவோடு விட்டு, புரட்டிக் கொடுத்து, மூன்று மாதத்தில் எருவாக்கும் முறை, இன்றும் உலகெங்கும் இந்தூர் முறை என்ற பெயரிலேயே வழங்குகிறது. வாத்ஸ்யாயனர் சொன்ன முதல் லக்ஷணத்தை, அவர் பெயரையே கேட்டிராத ஓர் ஆங்கிலேயர் தம் மனச்சாட்சியின் உறுத்தலால் தேடிக் கண்டார் என்பது எனக்கு மிகுந்த திருப்தியைத் தரும் செய்தி.

ஆனால் நேரே கண்டவன் கண்டதெல்லாம் உண்மையாகிவிடுமா? இங்கேதான் விஷயம் கடினமாகிறது. மாடித் தோட்டம் போடும் ஓர் அம்மையாரின் தக்காளிச் செடியில் காய்களின் அடிப்பக்கம் கறுத்து, அமுங்கி, அழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். காய்க்குச் சுண்ணாம்புச் சத்து எட்டாததால் வருவது அது. முட்டை ஓட்டை நொறுக்கிப் போடு என்று ஒருவர் சொல்கிறார், அம்மையார் போடுகிறார், அடுத்த ஈடு காய்கள் பழுதில்லாமல் வருகின்றன. அவர் கண்டது பிரத்தியட்சம்; அதில் பொய்யில்லை. ஆயினும் முட்டை ஓடு மண்ணில் கரைவதற்குப் பல மாதங்கள் செல்லும். மண்ணில் சுண்ணாம்புச் சத்து பெரும்பாலும் போதியதாகவே இருக்கிறது. ஒரு நாள் வெள்ளமாகவும் இரண்டு நாள் வறட்சியாகவும் தண்ணீர் விடும்போது அந்தச் சத்து நீரோடு ஏறிக் காயைச் சேராததே குற்றம். ஓட்டைப் போட்ட நாளிலிருந்து செடியின் மேல் கவலை அதிகமாகி, அம்மையார் தினமும் தவறாமல் தண்ணீர் விட்டிருக்கிறார். அதோடு, முதல் ஈட்டில் வரும் இந்த அழுகல் பின்வரும் ஈடுகளில் தானாகவே குறைவதும் உண்டு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைக் காகதாலீய நியாயம் என்று நம்மவர்கள் சொல்லிவைத்தது இதைத்தான்.

நையாயிகர்கள் இந்த ஆபத்துக்கு உபாதி என்று பெயரிட்டார்கள். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது சரி. நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு என்பது சரியன்று, பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஈர விறகின் சேர்க்கை என்ற ஒன்று நடுவில் மறைந்திருந்து அந்தப் புகையை உண்டாக்குகிறது. அது உபாதி. அதைக் கண்டறியாமல் சொன்ன வியாப்தி, அதாவது இது உள்ள இடமெல்லாம் அது உண்டு என்னும் விதி, நிலைக்காது. விவசாயத்தில் சொல்லப்படும் யோசனைகளில் பெரும்பாலானவை பொய்கள் அல்ல. உபாதியைச் சொல்லாமல் விட்ட மெய்கள். ஆடிப் பட்டம் தேடி விதை என்ற பழமொழி கொங்கு நாட்டுப் புன்செய்க்காரனுக்குக் கண்கண்ட சத்தியம். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புழுதியில் நெல் விதைக்கும் இராமநாதபுரத்துக்காரன் ஆவணி புரட்டாசி வரையில் காத்திருப்பான். பழமொழியைச் சொன்னவர்கள் அதை அறியாதவர்கள் என்று நாம் எண்ண வேண்டியதில்லை. அவர்கள் தம் ஊர்க்காரனிடம் சொன்னார்கள்; தேசமும் காலமும் அந்தப் பேச்சிலேயே அடக்கம். அச்சில் ஏறியும் காணொளியில் ஏறியும் ஊர் கடந்த பிறகு அந்த உபாதி உதிர்ந்துவிட, வாக்கியம் மட்டும் வேத வாக்காக நின்றுவிடுகிறது. செண்டுமல்லி நட்டால் வேர்முடிச்சு நூற்புழு குறையும் என்பதும் இப்படிப்பட்டதே. ஒரு பருவம் நிலம் முழுவதும் நெருக்கமாகச் செண்டுமல்லியைப் பயிர் செய்து அதை மடக்கி உழுதால் பலன் தெரியும், கத்தரிப் பாத்தியின் மூலைக்கு ஒன்றாக நான்கு செடி வைப்பதனால் தோட்டம் அழகாயிருக்கும், அவ்வளவே.

மறைந்திருக்கும் உபாதியை விலக்குவது எப்படி என்ற கேள்விக்கு நம் தர்க்க நூல்கள் சொன்ன உபாயம், உடனிருத்தலையும் உடனின்மையையும் பன்முறை கவனிப்பதே. வயலில் அந்த உபாயம் தடுமாறியது. இங்கிலாந்தில் ராத்தாம்ஸ்டெட் என்னும் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே ஏக்கர் கோதுமையை 500 சிறு பாத்திகளாகப் பிரித்து, எல்லாவற்றுக்கும் ஒரே விதை, ஒரே உரம், ஒரே உழவு என்று இருக்க, ஒவ்வொன்றின் விளைச்சலையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தார்கள். 1911-இல் வெளிவந்த அந்தக் கணக்கில், மிகக் குறைந்த பாத்திக்கும் மிக அதிகமான பாத்திக்கும் ஏறக்குறைய இரு மடங்கு வித்தியாசம் இருந்தது. ஒன்றுமே மாறாத இடத்தில் இரு மடங்கு! அப்படியானால் கிணற்றடியில் புது ரகத்தையும் மேட்டுக் கோடியில் பழைய ரகத்தையும் போட்டு ஒப்பிட்டவன் கண்டது எதை? 1919-இல் அந்த நிலையத்துக்கு வந்த கணித வல்லுநர் ரொனால்ட் ஃபிஷர் இதற்குக் கண்ட பரிகாரம் விசித்திரமானது. எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை ஆராய்ச்சியாளன் தீர்மானிக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். அதையும் பல பாத்திகளில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அறிந்த உபாதியை ஒதுக்க வழியுண்டு. அறியாத உபாதியை ஒதுக்க, தன் இச்சையை விட்டுவிடுவது ஒன்றே வழி.

கிணறு வெட்ட இடம் தேடுகிறவன் சந்நிதியில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலம் கட்டிப் போட்டு, அறியாத குழந்தையை எடுக்கச் சொல்வதை நாம் பார்த்திருக்கிறோம். உத்திரமேரூர்ச் சபையில் பத்தாம் நூற்றாண்டில் குடவோலை எடுத்ததும் ஒரு சிறுவன் கையால்தான். பூக்கட்டிப் பார்ப்பதில் தெய்வ சித்தம் வெளிப்பட வேண்டும் என்பது நோக்கம். ஃபிஷரிடத்தில் மனித சித்தம் உள்ளே புகாதிருக்க வேண்டும் என்பது நோக்கம். பூக்கட்டிப் பார்ப்பவன் குழந்தையைத் தேடுவதற்கும் காரணம் பின்னதுதானே என்று யோசிக்கும்போது, பகுத்தறிவும் பக்தியும் ஓரிடத்தில் ஒரே கருவியைக் கையாண்டிருப்பது புலனாகும். மாடித் தோட்டக்காரரும் இதைச் செய்யலாம். எட்டு வளர்ப்புப் பைகளில் ஒரே நாற்றை நட்டு, நாணயம் சுண்டி நான்குக்கு மட்டும் பஞ்சகவ்யமோ, மோரும் தேங்காய்ப் பாலும் புளித்த தேமோரோ தெளித்து, மற்ற நான்குக்கு அதே நேரத்தில் வெறும் தண்ணீரைத் தெளித்து, காய்களை எடை போட்டு எழுதி வைத்தால் போதும். தெளித்த நான்குக்குள்ளேயே ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். தெளித்ததற்கும் தெளிக்காததற்கும் உள்ள வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இராவிட்டால், அதற்காகச் சந்தோஷப்படவும் வேண்டாம், சண்டை போடவும் வேண்டாம். பசுவிலிருந்து வந்தது என்பதாலேயே பஞ்சகவ்யத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்பவரும், பசுவிலிருந்து வந்தது என்பதாலேயே முகம் சுளிப்பவரும் செடியைப் பார்க்கவில்லை என்பதில் ஒருவரே.

பழைய வாக்குகளை இப்படிப் பரீட்சைக்கு நிறுத்துவது அபசாரம் என்று கருதுவோருக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி நிலத்தை உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமல் பயிர் விளையும் என்பது வள்ளுவர் வாக்கு. இது தர்மோபதேசம் அன்று; அளவு குறித்துச் சொன்ன, செய்து பார்க்கத்தக்க செய்தி. 1958-இல் பர்ச் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்க மண்ணை ஆராய்ந்து, நன்றாகக் காய்ந்த மண் மறுபடி நனையும்போது அதிலுள்ள மக்கு விரைவாகச் சிதைந்து, பயிர் எடுத்துக்கொள்ளும் தழைச்சத்து ஒரேயடியாக வெளிப்படுகிறது என்று காட்டினார். மண்ணியலில் அந்த விளைவு அவர் பெயராலேயே வழங்குகிறது. வள்ளுவர் வாக்கு பலித்தது என்று கைதட்டி நிறுத்திவிடலாம். அப்படி நிறுத்துவதுதான் அபசாரம். காய்ந்த மண் வெளியிடும் சத்து புதிதாக வந்ததன்று. முன்னமே சேர்த்து வைத்த முதல். வருஷந்தோறும் அதையே எடுத்தால் முதல் கரையும். ராத்தாம்ஸ்டெட்டில் 1843 முதல் எரு என்பதையே காணாத கோதுமைத் துண்டு ஒன்று இருக்கிறது. அது மலடாகிவிடவில்லை, ஆனால் ஹெக்டேருக்கு ஒரு டன் அளவிலேயே பல தலைமுறையாக நிற்கிறது. நம் கோயம்புத்தூரிலும் 1909-இல் இதேபோன்ற நிரந்தர எருப் பரீட்சை தொடங்கினார்கள். வள்ளுவரோ அடுத்த குறளிலேயே, உழுவதைவிட எருவிடுவது நல்லது என்று சொல்லிவிட்டார். கோடை உழவைப் பற்றிய வாக்குக்கு உபாதி எங்கே என்று தேடிப் போனவனுக்கு, அதை ஆசிரியரே பக்கத்தில் வைத்திருப்பது தெரியும். தேடாதவன் முன் குறளை மட்டும் மனப்பாடம் செய்து மேடையில் சொல்வான்.

இனி, என்னை வெகுவாக யோசிக்க வைத்த ஓர் இடத்துக்கு வருகிறேன். புத்திரன் வேண்டி இஷ்டி என்னும் வேள்வி செய்தும் புத்திரன் பிறக்கவில்லையே, வேத வாக்கு பொய்யாகவில்லையா என்ற ஆட்சேபத்தைக் கௌதமர் தாமே எழுப்பி, கர்மத்திலோ கர்த்தாவிலோ சாதனத்திலோ குறை இருந்தால் பலன் வராது என்று சமாதானம் சொல்கிறார். ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் நியாயமஞ்சரி எழுதிய ஜயந்த பட்டர், மழைக்காகச் செய்யும் காரீரி முதலிய இஷ்டிகளை விசாரிக்கும்போது, தம் பாட்டனாரே கிராமம் வேண்டி ஓர் இஷ்டி செய்து கௌரமூலகம் என்ற கிராமத்தைப் பெற்றார் என்று வீட்டுச் செய்தியைச் சாட்சியாகக் கூறுகிறார். அவ்வளவு பெரிய தார்க்கிகர், இஷ்டி செய்தும் கிராமம் பெறாதவர்களையும் செய்யாமலே பெற்றவர்களையும் எண்ணிப் பார்க்கவில்லையே என்று ஃபிஷரின் மாணவன் முணுமுணுப்பான். அதிருக்கட்டும். கர்மம், கர்த்தா, சாதனம் என்னும் இந்த மூன்று குறைகளே இன்று மருந்து விற்பவர் வாயிலும் வருகின்றன: நீங்கள் சரியான அளவில் கலக்கவில்லை, உங்கள் ஆள் சரியாக அடிக்கவில்லை, உங்கள் தெளிப்பான் பழையது. இந்தச் சமாதானம் எப்போதும் ஏமாற்றா? அப்படிச் சொல்லிவிட முடியாது.

வேப்பங்கொட்டைக் கரைசலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் பருப்பு என்ற கணக்கில் இடித்து, இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்குச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும். கொட்டை எட்டு மாதத்துக்கு மேல் பழசாகியிருந்தால் வீரியம் குறையும். நடு வெயிலில் அடித்தால் அதிலுள்ள சத்து ஒளியிலேயே சிதையும். அது புழுவை அடித்த மாத்திரத்தில் கொல்வதில்லை, தின்னவொட்டாமலும் தோலுரிக்கவொட்டாமலும் செய்வது, ஆகையால் இளம் புழுவில் பலிக்கும், முற்றிய புழுவில் பலிக்காது. இத்தனையும் முன்னதாகவே சொல்லிக் கொடுத்தவர், பிறகு வந்து, உச்சி வெயிலில் அடித்தாயா என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. கொடுக்கும்போது எல்லாப் பூச்சிக்கும் கேட்கும் என்று கொடுத்துவிட்டு, பலிக்காதபோது வெயிலைக் காரணம் சொன்னால் அது வேறு. வாக்கியம் ஒன்றே, முன்னே சொன்னால் உபாதி, பின்னே சொன்னால் சாக்கு. சடங்கின் பலனுக்கும் இதே அளவுகோலை வைக்கலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். வைத்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை வைதிகர்கள் அறிவார்கள். கர்த்தாவின் மனத்தூய்மையைப் போல, முன்னும் பின்னும் எவராலும் அளக்க முடியாத ஓர் அங்கத்தை நிபந்தனையில் சேர்த்துவிட்டால் எந்த வாக்கையும் எக்காலத்தும் பொய்ப்பிக்க முடியாது. அப்படிப்பட்ட வாக்கு பிரமாணத்தின் எல்லையைக் கடந்து, விசுவாசத்தின் எல்லைக்குள் போய்விடுகிறது. போவதில் குற்றமில்லை. போனபின் அதற்கு விலைச்சீட்டு ஒட்டக் கூடாது.

பரீட்சைப் பாத்தியே எல்லாம் என்று நான் சொல்வதாக எண்ணிவிட வேண்டாம். ஹோவர்ட் தம் பிற்காலத்தில் ராத்தாம்ஸ்டெட் முறையைக் கடுமையாக எதிர்த்தார்: பண்ணை என்பது மாடும் மனிதனும் பயிர்ச் சுழற்சியும் குப்பைக் குழியும் சேர்ந்த ஒரு முழுப் பொருள், அதிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து அளந்தால் அளப்பது பண்ணையை அன்று என்றார். அவயவங்களின் கூட்டத்துக்கு அப்பால் அவயவி என்று தனிப்பொருள் ஒன்று உண்டு என நையாயிகர்கள் பௌத்தர்களோடு மல்லாடியது நினைவுக்கு வருகிறது. ஹோவர்டின் ஆட்சேபத்தில் சாரம் உண்டு. வேலைக்கு வரும் ஆளின் கூலியும், ஆட்டுக்கிடை கிடைப்பதும் கிடைக்காததும் எந்தச் சிறு பாத்தியிலும் தெரியமாட்டா. ஆனால் முழுமையை மட்டுமே பார்க்க வேண்டும் என்பவருக்கு உபாதியை விலக்க வழியே இல்லாமல் போகிறது. நல்ல தீவனம் தின்ற தம் எருதுகள், கோமாரி கண்ட அயல் மாடுகளோடு வேலிக்கு மேல் மூக்கோடு மூக்கு உரசியும் நோய்ப்படவில்லை என்பதை அவர் கண்டார். கண்டது மெய்யாகவே இருக்கட்டும், வளமான மண்ணே அதற்குக் காரணம் என்று துணிந்ததற்கு ஆதாரம் இல்லை. மக்கு எருவில் ஆப்தராக இருந்தவர் மாட்டு வைத்தியத்திலும் மனித ஆரோக்கியத்திலும் அதே குரலில் பேசலானார். ஃபிஷரும் தப்பவில்லை. உபாதியின் இயல்பை அவரைப்போல் அறிந்தவர் எவருமில்லை. அவரே 1950-களின் பிற்பகுதியில், புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு பிறவிக் கூறு ஒன்றால் விளைந்ததாயிருக்கலாமே என்று வாதாடி, தம் அருமையான கருவியைத் தவறான இடத்தில் பிரயோகித்தார். புகைக்குழாய் அவர் கையை விட்டு நீங்காதது என்பதும், புகையிலை உற்பத்தியாளர் குழு ஒன்றுக்கு அவர் ஆலோசகராக இருந்தார் என்பதும் வெளிப்படையான செய்திகள்.

ஆகவே நையாயிகர்கள் வாதத்தின் கடைசிப் படியில் என்னால் அவர்களோடு ஏற முடியவில்லை. ஆயுர்வேதம் பலிக்கிறது, அதைச் சொன்ன ஆப்தர்களே காணாத பொருளைப் பற்றியும் சொன்னார்கள், ஆதலால் அதுவும் பிரமாணம் என்பது அவர்கள் கட்டிய மாளிகை. நெல்லில் குலை நோய்க்கு வழி சொன்னவர் என்பதற்காக ஒருவரிடம் பெண்ணுக்கு ஜாதகம் பார்க்கச் சொல்லும் குடியானவனை நான் அறியேன். கண்டவனுடைய காட்சி அவன் கண்ட வயலோடு நிற்கிறது. ஆனால், வாத்ஸ்யாயனர் எண்ணிய மூன்றில் காட்சி ஒன்றுதானே இப்படி வரப்போடு நிற்பது? உள்ளதை உள்ளபடி சொல்லும் விருப்பமும் பூததயையும் பொருளைச் சார்ந்த குணங்கள் அல்ல, ஆளைச் சார்ந்தவை. அவை மனிதனோடு கூடவே போகும். யோசனை கேட்டுச் செய்து, நஷ்டப்பட்டு, மறு வருஷமும் அதே மனிதரிடம் போய் நிற்கும் விவசாயியைப் பார்த்து, மூடபக்தி என்று பட்டணத்தார் சிரிப்பதுண்டு. முதல் வருஷம் அவர் தம் செலவில் பஸ் ஏறி வந்து, கருகிய பயிரை வேரோடு பிடுங்கிப் பார்த்து, எனக்குத் தெரிந்த அளவில் இப்படி ஆகியிருக்கக் கூடாது, காரணம் புரியவில்லை என்று சொன்னவராக இருந்தால், அந்த விவசாயி மூடன் அல்லன். அவன் மூன்றில் இரண்டை நேரே கண்டிருக்கிறான்.

சிக்கல் வருவது, தயை நிறைந்தும் விஷயத்தைக் கண்டிராத நல்லவர் ஒருவரும், விஷயத்தைத் தீரக் கண்டும் கேட்பவன் கடனாளி என்ற நினைவே இல்லாத நிபுணர் ஒருவரும் எதிரெதிரே நிற்கும்போது. வாத்ஸ்யாயனர் இதற்கு விடை சொல்லவில்லை. மூன்றும் கூடினால் ஆப்தன் என்று முடித்துவிட்டார். உழவனுக்கு அப்படி முடித்துவிட வசதியில்லை. நானாயிருந்தால் நிபுணர் சொன்னதை எழுதிக்கொண்டு, எந்தச் சந்தர்ப்பத்தில் பலிக்காது என்பதையும் அவர் வாயாலேயே சொல்லவைத்து, முழு நிலத்தில் இறங்காமல், இழந்தால் வீட்டு நகையை அடகு வைக்க நேராத அளவுக்கு ஒரு கால் ஏக்கரில் மட்டும் செய்து பார்ப்பேன். நல்லவரை அறுவடைக்குக் கூப்பிடுவேன்.